ஆறாத புண்ணும் 121 பேரும்: அரிய தோல் நோய்களின் ஆய்வுகளை எப்படிப் படிப்பது?

கேள்வியைச் சுருக்கி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்டவரின் அப்பாவுக்கு 61 வயது, பல வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. கணுக்காலுக்கு மேலே சின்னக் கொப்புளமாக ஆரம்பித்தது. சர்க்கரைப் புண் என்று நினைத்து இரண்டு முறை வெட்டிச் சுத்தம் செய்தார்கள், இரண்டு முறையும் புண் இன்னும் பெரிதானது. கடைசியில் பார்த்த தோல் டாக்டர் புண்ணின் ஓரத்தில் சதை எடுத்துப் பார்த்துவிட்டு, இது பயோடெர்மா காங்கிரினோசம் என்று சொல்லி பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை ஆரம்பித்திருக்கிறார். "இந்த நோய்க்குப் பெரிய ஆய்வெல்லாம் கிடையாதும்மா" என்றும் சொன்னாராம். ஆய்வு இல்லாமல் எப்படி மருந்து கொடுக்கிறார்கள், அழற்சியை அடக்கும் இன்ஃப்ளிக்சிமாப் ஊசி போட்டு உடனே ஆறியதாக நெட்டில் போடுகிறார்களே அதை நம்பலாமா, நாளைக்கு அப்பாவையே ஒரு ஆய்வில் சேர்க்கச் சொன்னால் சேர்க்கலாமா, இதுதான் கேள்வி.

நான் தோல் துறையில் இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிறேன், அதில் பாதிக் காலம் இந்த மாதிரி ஆய்வுகளில் நோயாளிகளைச் சேர்ப்பதும் அளப்பதும் கணக்கு எழுதுவதுமாகப் போனது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அவசரமான இரண்டு விஷயம். நெட்டில் எதைப் படித்தாலும் பிரெட்னிசலோனை நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள், சில வாரம் சாப்பிட்ட பிறகு திடீரென நிறுத்தினால் உடம்பு தாங்காது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அப்புறம், இனி வேறு எந்த டாக்டரிடம் போனாலும் இந்த நோயின் பெயரைச் சொல்லாமல் அந்தப் புண்ணில் கத்தி வைக்க விடாதீர்கள். இந்த நோயில் தோலில் படும் சின்னக் காயம்கூடப் புதுப் புண்ணாக மாறும், இருக்கும் புண்ணை வெட்டினால் அது வெட்டிய இடத்தையும் தாண்டி ஓடும். அப்பாவுக்கு இரண்டு முறை நடந்தது அதுதான். வெட்டியவரைக் குறை சொல்லிப் பயனில்லை, சர்க்கரைக்காரர் காலில் புண் என்றால் முதலில் எல்லோருக்கும் தோன்றுவது சர்க்கரைப் புண்தான்.

பெயரும் ஆளை ஏமாற்றும். 1930-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிரன்ஸ்டிங், கோக்கர்மன், ஓலியரி என்ற மூன்று டாக்டர்கள் இந்தப் பெயரை வைத்தார்கள். சீழ் பிடித்த தோல், அழுகிய சதை என்கிற அர்த்தம். கிருமிதான் காரணம் என்று அவர்கள் நினைத்தார்கள். உண்மையில் இது கிருமியால் வருவதும் இல்லை, அழுகலும் இல்லை. நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் காரணமே இல்லாமல் தோலுக்குள் கூட்டமாக இறங்கி, எதிரியே இல்லாத இடத்தில் சண்டை போடுகின்றன. ஏறக்குறைய பாதிப் பேருக்குக் குடல் அழற்சியோ மூட்டு வாதமோ ரத்த நோயோ கூடவே இருக்கும், அதனால் அப்பாவுக்கு வயிற்றுப்போக்கு, மலத்தில் ரத்தம், மூட்டு வீக்கம் ஏதாவது இருந்ததா என்று டாக்டர் கேட்டிருப்பார். கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.

இப்போது ஆய்வு விஷயம். ஏன் பெரிய ஆய்வு இல்லை? ஆளே கிடைப்பதில்லை, அவ்வளவுதான். பிரிட்டனில் குடும்ப டாக்டர்களின் பதிவேடுகளை வைத்து 2012-ல் வெளியான கணக்குப்படி, ஒரு லட்சம் பேரில் வருடத்துக்கு 0.63 பேருக்குத்தான் இது புதிதாக வருகிறது. அதே விகிதத்தை மதுரை மாநகர் அளவுக்கு, பத்து லட்சம் பேருக்குப் போட்டுப் பாருங்கள், வருடத்துக்கு ஆறேழு பேர். அந்த ஆறேழு பேரில் ஒருவர் அறுவைச் சிகிச்சைப் பிரிவில் இருப்பார், ஒருவர் நாட்டு மருந்து கட்டிக்கொண்டிருப்பார், ஒருவருக்குச் சிறுநீரகம் கெட்டிருக்கும், ஒருவர் ஊர் மாறிப் போயிருப்பார். ரத்த அழுத்த மருந்துக்குப் பத்தாயிரம் பேரைச் சேர்ப்பது மாதிரி இதற்குச் சேர்க்கவே முடியாது.

இன்னொரு தொல்லை, சேர்த்தவர்களுக்கு உண்மையிலேயே அந்த நோய்தானா என்பது. இந்த நோயை உறுதி செய்ய ஒரு ரத்தப் பரிசோதனைகூட இல்லை. 2002-ல் அதே மேயோ கிளினிக்கிலிருந்து நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு கட்டுரை வந்தது, பயோடெர்மா என்று நினைத்து மாதக்கணக்கில் வைத்தியம் பார்த்தவர்களில் பலருக்கு இருந்தது வேறு நோய் என்று அதில் காட்டினார்கள். ரத்தக்குழாய் அடைப்பு, ரத்தக்குழாய் அழற்சி, புற்றுநோய், ஆழமான தொற்று என்று பல இருந்தன. தொற்று உள்ளவருக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2018-ல் பல நாட்டு நிபுணர்கள் கூடி அடையாளம் காணும் விதிகளை ஓரளவுக்கு ஒழுங்குபடுத்தினார்கள், அதில் புண்ணின் ஓரத்தில் எடுத்த சதையில் நியூட்ரோஃபில் கூட்டம் தெரிவது முக்கியமான அடையாளம். உங்கள் டாக்டர் நடுப் புண்ணில் எடுக்காமல் ஓரத்தில் எடுத்தார் பாருங்கள், அங்கேயே அவர் விஷயம் தெரிந்தவர் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

ஆளும் இல்லை, அடையாளமும் குழப்பம் என்றால் பல காலம் என்ன செய்தார்கள்? ஒரு நோயாளி, இரண்டு நோயாளி என்று தனித்தனிக் கதைகளாக எழுதினார்கள். "எங்களிடம் வந்த 45 வயதுப் பெண்மணிக்கு இந்த மருந்து கொடுத்தோம், ஆறு வாரத்தில் ஆறியது." இப்படி நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. இவை பொய் இல்லை, எழுதியவர்கள் நேர்மையானவர்கள்தான். ஆனால் மருந்து கேட்காமல் போனவரின் கதையை யாரும் உட்கார்ந்து எழுதுவதில்லை, எழுதினாலும் இதழ்கள் ஆசையாகப் போடுவதில்லை. அப்புறம் இந்த நோய் தானாகவே ஏறி இறங்கும் நோய். நாம் எப்போது மருந்தை மாற்றுகிறோம்? புண் மிக மோசமாக இருக்கும்போது. உச்சத்துக்குப் போனது அடுத்து இறங்கத்தான் செய்யும், அந்த நேரத்தில் கையில் எந்த மருந்து இருந்ததோ அதற்குப் பெயர் போய்ச் சேரும். நீங்கள் நெட்டில் படித்த கதைகளில் பெரும்பாலானவை இந்த வகை.

உங்கள் டாக்டர் "பெரிய ஆய்வு இல்லை" என்றது சரிதான், ஆனால் நல்ல ஆய்வு ஒன்று இருக்கிறது, உங்கள் அப்பா விஷயத்துக்கு நேராகவே பொருந்தும். பிரிட்டனில் நாட்டிங்ஹாமை மையமாகக் கொண்ட தோல் ஆய்வு வலையமைப்பு நடத்திய ஸ்டாப் கேப் ஆய்வு, 2015-ல் பிஎம்ஜே இதழில் வந்தது. 39 மருத்துவமனைகள் சேர்ந்து, வருடக்கணக்கில் காத்திருந்து சேர்த்தவர்கள் மொத்தம் 121 பேர். ஒரு மருத்துவமனைக்கு மூன்று பேர்தான் வருகிறது, யோசித்துப் பாருங்கள். இத்தனை அரிய நோய்க்கு 121 என்பது மலை மாதிரி எண்ணிக்கை. குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு பிரெட்னிசலோன், தினமும் உடல் எடையில் கிலோவுக்கு 0.75 மில்லிகிராம், மீதிப் பேருக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சைக்ளோஸ்போரின், தினமும் கிலோவுக்கு 4 மில்லிகிராம். கதைகளை வைத்துப் பார்த்தால் சைக்ளோஸ்போரின்தான் ஜெயிக்கும் என்று தோல் டாக்டர்களில் பலர் நம்பினார்கள்.

எதை அளந்தார்கள் என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் நல்ல ஆய்வும் மோசமான ஆய்வும் பிரிகின்றன. ஆறு வாரத்தில் புண் எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறது, ஒரு நாளைக்கு எத்தனை சதுர சென்டிமீட்டர் என்பதுதான் முக்கிய அளவு. கேட்க எளிதாக இருக்கும். செய்து பாருங்கள் தெரியும். இந்தப் புண்ணின் ஓரம் ஊதா நிறத்தில் தடித்து, உள்ளே குடைந்து, தோல் மேலே கூரை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். புண் எங்கே முடிகிறது, கூரையின் நுனியிலா, அதன் அடியில் குடைந்த இடத்திலா? கண்ணாடித் தாளைப் புண் மேல் வைத்து மார்க்கரால் சுற்றி வரைவோம், நான் வரைந்ததும் பக்கத்து அறையில் இருந்தவர் வரைந்ததும் ஒரே புண்ணுக்கு இரண்டு அளவு காட்டியிருக்கிறது. நோயாளி வலியில் காலை இழுப்பார், தாள் நகர்ந்துவிடும், மறுபடியும் முதலிலிருந்து. தாள் இல்லையென்றால் நீளத்தையும் அகலத்தையும் ஸ்கேலில் அளந்து பெருக்கி, நீள்வட்டம் என்று வைத்துக்கொண்டு 0.785-ஆல் பெருக்குவார்கள். 6 சென்டிமீட்டர் நீளம், 4 சென்டிமீட்டர் அகலம் என்றால் 18.8 சதுர சென்டிமீட்டர். இரண்டிலும் ஒரே ஒரு சென்டிமீட்டர் குறைந்தால் 11.8. ஸ்கேலில் ஒரு விரற்கடைகூட இல்லாத வித்தியாசம், பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. அதாவது அளப்பவர் மனதில் "இந்த மருந்து நல்ல மருந்து" என்ற எண்ணம் இருந்தால் போதும், ஸ்கேல் தானாக ஒரு கோடு உள்ளே நகரும். வேண்டுமென்றே செய்வதில்லை, மனித இயல்பு.

அதனால் ஸ்டாப் கேப்பில் புகைப்படம் எடுத்து, யாருக்கு எந்த மருந்து என்றே தெரியாதவர்களிடம் கொடுத்து மதிப்பிட வைத்தார்கள். டாக்டருக்கும் நோயாளிக்கும் மருந்து தெரியும், சைக்ளோஸ்போரினுக்கு ரத்தப் பரிசோதனையும் ரத்த அழுத்தமும் அடிக்கடி பார்த்தாக வேண்டும் என்பதால் மறைப்பது கஷ்டம். ஆனால் படம் பார்த்தவருக்குத் தெரியாது. பணமும் ஆளும் குறைவாக இருக்கும் இடத்தில் இதைவிடப் புத்திசாலித்தனமான வழி எனக்குத் தெரியவில்லை.

முடிவு என்ன? இரண்டு மருந்தும் சமம். ஆறும் வேகத்தில் வித்தியாசம் இல்லை. ஆறு மாதத்தில் புண் முழுக்க ஆறியவர்கள் இரண்டு பக்கமும் 47 சதவீதம். ஆறியவர்களில் திரும்பி வந்தது ஒரு பக்கம் 30 சதவீதம், இன்னொரு பக்கம் 28. பக்க விளைவு இரண்டிலும் மூன்றில் இரண்டு பேருக்கு, ஆனால் பிரெட்னிசலோன் பக்கத்தில் தீவிரமானவை, அதிலும் பெரும்பாலும் தொற்று, கூடுதலாக இருந்தன.

இதைப் படித்துவிட்டு "சமம் என்றால் ஆய்வு செய்து என்ன லாபம்" என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு இது பெரிய லாபமாகத் தெரிகிறது. இரண்டும் ஒரே அளவு வேலை செய்கிறது என்று உறுதியானதும், எதைக் கொடுப்பது என்பதை நோய் தீர்மானிப்பதில்லை, நோயாளி தீர்மானிக்கிறார். சிறுநீரகம் பலவீனமாக, ரத்த அழுத்தம் கட்டுக்குள் வராமல் இருப்பவருக்கு சைக்ளோஸ்போரின் வேண்டாம். சர்க்கரை ஏற்கெனவே ஏறிக் கிடப்பவருக்கு, எலும்பு தேய்ந்தவருக்கு பிரெட்னிசலோன் கஷ்டம். உங்கள் அப்பாவுக்கு அடுத்த முறை டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி இங்கேதான் இருக்கிறது: பிரெட்னிசலோன் ஆரம்பித்த பிறகு சர்க்கரை எவ்வளவு ஏறியிருக்கிறது, சிறுநீரில் புரதம் போகிறதா, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தத்தில் எவ்வளவு. சிறுநீரகம் நன்றாக இருந்து சர்க்கரை மட்டும் துள்ளுகிறது என்றால் மாற்றுவதைப் பற்றிப் பேசலாம். சர்க்கரையால் சிறுநீரகமும் கெட்டிருந்தால் பிரெட்னிசலோனையே வைத்துக்கொண்டு இன்சுலினைச் சரிசெய்வது மேல் என்று அவர் சொல்லக்கூடும், அது நியாயமான முடிவு.

இன்னொன்றையும் கவனியுங்கள். நன்றாக நடந்த ஆய்வில், ஒழுங்காக மருந்து சாப்பிட்டும், ஆறு மாதத்தில் ஆறியது பாதிக்கும் குறைவான பேருக்கு. இது தெரியாததால்தான் மூன்றாம் வாரமே "மருந்து கேட்கவில்லை" என்று டாக்டரை மாற்றுகிறார்கள்.

இனி இன்ஃப்ளிக்சிமாப். அதற்கும் ஒரு குலுக்கல் ஆய்வு இருக்கிறது, 2006-ல் கட் (Gut) என்ற மருத்துவ இதழில் வந்தது, இதுவும் பிரிட்டனில் நடந்தது. மொத்தம் 30 பேர். 13 பேருக்கு மருந்து, 17 பேருக்குப் பிளாசிபோ, அதாவது மருந்தே இல்லாத வெற்று ஊசி. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது மருந்து போட்டவர்களில் 6 பேருக்கு, 46 சதவீதம், முன்னேற்றம். வெற்று ஊசியில் 17-ல் ஒருவருக்கு மட்டும். ஆக மருந்து வேலை செய்கிறது, அதில் சந்தேகம் வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் ஒருவரை வெற்று ஊசியில் விட்டு வைப்பது நியாயமில்லை என்பதால் அதற்குப் பிறகு தேவைப்பட்ட எல்லோருக்கும் மருந்தைக் கொடுத்தார்கள். மொத்தமாக மருந்து பெற்ற 29 பேரில் 20 பேருக்கு நல்ல பலன், 69 சதவீதம். நெட்டில் சுற்றுவது இந்த எண்தான். ஆனால் ஆறாவது வாரத்தில் நோய் முழுக்க அடங்கியவர்கள் 6 பேர், 21 சதவீதம். பலன் என்பது வேறு, ஆறிப்போவது வேறு. எந்த ஆய்வைப் படித்தாலும், சதவீதத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தச் சதவீதம் எதை எண்ணுகிறது என்று பாருங்கள்.

நம் ஊரில் இந்த ஊசிக்குக் காசநோய்ப் பயம் தனியாக உண்டு. இன்ஃப்ளிக்சிமாப் போட்டவர்களில் 70 பேருக்குக் காசநோய் வந்ததை 2001-லேயே பதிவு செய்தார்கள், பலருக்கு முதல் சில மாதத்துக்குள்ளேயே வந்தது. நம் நாட்டில் காசநோய்க் கிருமி உடம்புக்குள் சத்தமில்லாமல் தூங்கிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம், இந்த மருந்து அதை எழுப்பிவிடும். அதனால் நெஞ்சு எக்ஸ்ரேயும் காசநோய்க்கான மாண்டூ தோல் பரிசோதனையோ ரத்தப் பரிசோதனையோ இல்லாமல் இந்த ஊசியைப் போட யாராவது அவசரப்பட்டால் நிறுத்திக் கேளுங்கள்.

சரி, மருந்து எப்படி வேலை செய்யும் என்பது அறிவியல்படி புரிகிறதே, அப்புறம் எதற்கு வெற்று ஊசி, எதற்கு இத்தனை கெடுபிடி என்று தோன்றும். எனக்கு இந்த விஷயத்தில் மறக்கவே முடியாத ஆய்வு ஒன்று உண்டு, புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். டாக்ஸிக் எபிடெர்மல் நெக்ரோலிசிஸ் என்று ஒரு பயங்கரமான நோய், பெரும்பாலும் ஏதோ ஒரு மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் வருவது, தீக்காயம் பட்ட மாதிரி உடம்பு முழுக்கத் தோல் உரிந்து வரும். அந்த நோயாளிகளிடம் டிஎன்எஃப் என்ற அழற்சிப் பொருள் அதிகமாக இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். தாலிடோமைடு டிஎன்எஃப்பைக் குறைக்கும் மருந்து. அப்படியானால் தாலிடோமைடு கொடுத்தால் சரியாகிவிடும், இல்லையா? கணக்கு நேராக வருகிறது. பிரான்ஸில் கொடுத்துப் பார்த்தார்கள், 1998-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். தாலிடோமைடு பெற்ற 12 பேரில் 10 பேர் இறந்துபோனார்கள். பிளாசிபோ பெற்ற 10 பேரில் 3 பேர். ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள்.

இதில் இன்னொரு பக்கத்தை யோசியுங்கள். பிளாசிபோ பக்கமே இல்லாமல், எல்லோருக்கும் தாலிடோமைடு கொடுத்திருந்தால்? இறந்தவர்களைப் பார்த்து "கொடிய நோய், நம்மால் முடிந்ததைச் செய்தோம்" என்று எழுதிவிட்டு உலகம் முழுக்க அதையே கொடுத்துக்கொண்டிருப்பார்கள். மொத்தம் 22 பேர்தான், ஆனால் பக்கத்தில் ஒப்பிட ஆள் இருந்ததால் அந்த 22 பேர் அதற்குப் பிறகு வந்த எத்தனையோ பேரின் உயிரைக் காப்பாற்றியிருக்கிறார்கள். "பிளாசிபோ என்றால் என் அப்பாவை எலி மாதிரி வைத்துப் பார்ப்பார்களா" என்று கேட்பவர்களிடம் நான் கோபப்படுவதில்லை, இந்தக் கதையைச் சொல்வேன்.

எதை எண்ணுவது என்பதற்கு இன்னொரு நோயிலிருந்து உதாரணம். வயதானவர்களுக்கு உடம்பெல்லாம் அரிப்போடு பெரிய பெரிய நீர்க்கொப்புளம் வரும் புல்லஸ் பெம்ஃபிகாய்டு. இதற்கும் பல காலம் பிரெட்னிசலோன் மாத்திரைதான், கொப்புளம் அடங்கும், ஆனால் எழுபது எண்பது வயது உடம்பு அந்த அளவு ஸ்டீராய்டைத் தாங்காது. பிரான்ஸில் பாஸ்கல் ஜோலி குழுவினர் 341 பேரைச் சேர்த்து, மாத்திரைக்குப் பதிலாக குளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டு கிரீமை உடம்பு முழுக்கத் தடவிப் பார்த்தார்கள். 2002-ல் வந்த முடிவு, நோய் கடுமையாக இருந்தவர்களில் ஒரு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் கிரீம் பக்கம் 76 சதவீதம், மாத்திரை பக்கம் 58. கொப்புளத்தை மட்டும் எண்ணியிருந்தால் இந்த வித்தியாசத்தின் அளவு தெரிந்தே இருக்காது, அவர்கள் உயிரையும் எண்ணினார்கள்.

அந்தக் கிரீம் ஒரு நாளைக்கு 40 கிராம். நம் கடையில் 30 கிராம் டியூப், ஆக ஒரு டியூப் தீர்ந்து அடுத்ததிலும் மூன்றில் ஒரு பங்கு போகும், தினமும். சுட்டு விரல் நுனியில் பிதுக்கினால் அரை கிராம் வரும், அப்படி எண்பது முறை. கை எட்டாத முதுகில், உடைந்த கொப்புளத்தைச் சுற்றி, வலிக்காமல், ஒரு வயதான அம்மாவுக்கு இதை யார் தடவுவது? வீட்டில் மகளோ மருமகளோ வேலைக்குப் போகிறவராக இருந்தால் மூன்றாம் நாளே விட்டுப்போகும். ஆய்வு சரி, ஆனால் அந்த ஆய்வின் பலன் நம் வீட்டுக்கு வர வேண்டுமென்றால் தடவ ஒரு ஆள் வேண்டும். இதை எந்தச் சதவீதமும் காட்டாது.

அப்புறம் 2017-ல் பிளிஸ்டர் என்ற ஆய்வு, பிரிட்டனும் ஜெர்மனியும் சேர்ந்து 253 பேர். டாக்சிசைக்ளின், சாதாரண ஆன்டிபயாட்டிக், ஸ்டீராய்டுக்கு ஈடாகுமா என்று கேட்டார்கள். ஆறு வாரத்தில் கொப்புளம் அடங்கியது டாக்சிசைக்ளினில் 74 சதவீதம், பிரெட்னிசலோனில் 91. ஸ்டீராய்டு ஜெயித்தது போலத்தான் தெரியும். ஒரு வருடத்துக்குள் மருந்தால் வந்த கடுமையான, உயிருக்கு ஆபத்தான, அல்லது உயிரையே எடுத்த விளைவுகள் டாக்சிசைக்ளினில் 18 சதவீதம், ஸ்டீராய்டில் 36. கொஞ்சம் குறைவாக அடங்கினாலும் பரவாயில்லை, பாதி ஆபத்துப் போதும் என்று 82 வயது பாட்டி சொன்னால் அது அவருடைய உரிமை, அந்த உரிமையைக் கொடுத்தது அந்த ஆய்வு.

நம் நாட்டுக் கதையும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் பெருமையும் இருக்கிறது, எனக்கு ஒரு வருத்தமும் இருக்கிறது. பெம்ஃபிகஸ் என்ற கொப்புள நோய், வாயில் புண்ணாக ஆரம்பித்து உடம்பெல்லாம் பரவும், ஸ்டீராய்டு வருவதற்கு முன்னால் வந்தவர்களில் பெரும்பாலோர் இறந்துபோனார்கள். டெல்லி எய்ம்ஸில் பேராசிரியர் பஸ்ரிச்சா 1980-களில் ஒரு முறையைக் கொண்டுவந்தார். 28 நாளைக்கு ஒரு முறை, மூன்று நாள் தொடர்ந்து டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு 100 மில்லிகிராம் டிரிப்பில், அதில் ஒரு நாள் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சைக்ளோஃபாஸ்ஃபமைடு 500 மில்லிகிராம், இடைப்பட்ட நாளில் தினமும் அதே சைக்ளோஃபாஸ்ஃபமைடு 50 மில்லிகிராம் மாத்திரையாக. விலை குறைவு, சாதாரண அரசு மருத்துவமனையிலும் கொடுக்கலாம். நாடு முழுக்க ஆயிரக்கணக்கானோர் இதில் பிழைத்தார்கள். மாதாமாதம் "பல்ஸ்" போட்டுக்கொள்ளப் பையும் போர்வையுமாக வந்து, பக்கத்துப் படுக்கைக்காரரோடு சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வருத்தம் என்னவென்றால், இத்தனை ஆயிரம் பேர் நம்மிடம் இருந்தும், இதை வேறு மருந்தோடு குலுக்கல் முறையில் ஒப்பிட்ட பெரிய ஆய்வை நாம் செய்யவில்லை. ஜெர்மனியில் 22 பேரை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள், தெளிவான வித்தியாசம் இல்லை என்றார்கள், 22 பேரில் எது தெளிவாகத் தெரியும்? பிறகு பிரான்ஸில் ஜோலி குழு வெறும் 90 பெம்ஃபிகஸ் நோயாளிகளைச் சேர்த்து, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ரிட்டுக்சிமாப் ஊசியைச் சோதித்தது. இரண்டு வருடம் கழித்து எந்த மருந்தும் இல்லாமல் நோய் அடங்கி இருந்தவர்கள், ரிட்டுக்சிமாபும் குறுகிய கால ஸ்டீராய்டும் பெற்றவர்களில் 89 சதவீதம், ஸ்டீராய்டு மட்டும் பெற்றவர்களில் 34. 2017-ல் வெளியானது, அடுத்த வருடமே அமெரிக்காவில் அனுமதி, உலகம் முழுக்க வைத்தியமே மாறியது. 90 பேர்தான். நம் ஊரில் இரண்டு மூன்று பெரிய மருத்துவமனைகள் சேர்ந்தாலே அந்த எண்ணிக்கை வந்துவிடும்.

வேகமாக இன்னொன்று. உடம்பெல்லாம் சீழ்ப் பொட்டுகளாக, காய்ச்சலோடு வெடிக்கும் ஒரு அரிய சோரியாசிஸ் வகை உண்டு. 2011-ல் துனிசியாவில் சில குடும்பங்களை ஆராய்ந்து அழற்சியைத் தூண்டும் ஐஎல்-36 என்ற பாதையில் மரபணுக் கோளாறு இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அந்தப் பாதையை அடைக்கும் ஸ்பெசோலிமாப் ஊசியை 53 பேரில் சோதித்து 2021-ல் வெளியிட்டார்கள், ஒரே வாரத்தில் சீழ்ப் பொட்டு முழுக்க மறைந்தது மருந்தில் 54 சதவீதம், பிளாசிபோவில் 6. இங்கே காரணம் கண்டுபிடித்ததும் மருந்தும் சரியாக வேலை செய்தது, தாலிடோமைடு கதைக்கு நேர் எதிர். இரண்டில் எது நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, அதனால்தான் சோதிக்க வேண்டியிருக்கிறது.

கடைசிக் கேள்வி, அப்பாவைச் சேர்க்கலாமா. என் கருத்து, முறையாக நடக்கிற ஆய்வு என்றால் சேர்க்கலாம், அரிய நோய்க்காரர்களுக்கு நான் தைரியமாகவே சொல்வேன். நம் நாட்டில் ஆய்வுகளைப் பதிவு செய்ய சிடிஆர்ஐ என்ற அரசுப் பதிவேடு 2007-ல் ஆரம்பித்தது, 2009 ஜூனிலிருந்து மருந்து ஆய்வுகள் அதில் பதிவாவது கட்டாயம். பதிவு எண்ணைக் கேளுங்கள், யாரும் இணையத்தில் போய்ப் பார்க்கலாம். எண்ணைச் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். 2019-ல் வந்த புதிய மருந்து விதிகளின்படி நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், ஆய்வால் பாதிப்பு வந்தால் வைத்தியம் இலவசம், இழப்பீடும் உண்டு. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் வழக்கமான வைத்தியம் நிற்கக் கூடாது. ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும், வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க நேரம் கேளுங்கள். உங்கள் அப்பா படித்தவரோ இல்லையோ, அவருக்கே புரிகிற மாதிரி சொல்லச் சொல்லுங்கள், அவர் உடம்பு, அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

நான் கேட்கச் சொல்லும் கேள்விகள் சில. எதோடு ஒப்பிடுகிறீர்கள்? வெற்று மருந்து கிடைத்தால் எத்தனை நாள் அதில் இருக்க வேண்டும், நடுவில் புண் பெரிதானால் உடனே என்ன கொடுப்பீர்கள்? ஆய்வு முடிந்த பிறகு, மருந்து நன்றாக வேலை செய்தால், தொடர்ந்து யார் கொடுப்பார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் பல இடத்தில் பதில் தடுமாறும். மாதம் பல ஆயிரம் ரூபாய் ஆகும் ஊசி ஆறு மாதம் இலவசமாகக் கிடைத்து, ஏழாவது மாதம் நின்றுபோனால் நோயாளி நடுத்தெருவில் நிற்பார்.

ஆய்வு எதுவும் இப்போது இல்லையென்றாலும் நீங்கள் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. வாரம் ஒரு முறை, டிரஸ்ஸிங் மாற்றும்போது, புண்ணுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடப் பிளாஸ்டிக் ஸ்கேலைத் தோலில் படாமல் பிடித்து ஒரு படம் எடுங்கள். ஒரே வெளிச்சம், ஒரே தூரம், கால் ஒரே மாதிரி நீட்டியபடி. தேதியும் அன்றைய மருந்தின் அளவும் சர்க்கரை அளவும் ஒரு நோட்டில். ஆறு வாரம் கழித்து "ஆறுகிற மாதிரிதான் இருக்கு" என்று வாயால் சொல்வதற்குப் பதிலாக அந்த ஆறு படத்தையும் டாக்டர் முன்னால் வரிசையாக வையுங்கள். வெள்ளிக்கிழமை ஆரம்பித்தால் வெள்ளிக்கிழமையே எடுங்கள், நாள் மாற்ற வேண்டாம்.